துலாங் வீட்டின் பிழைப் பதிவு

மேடான் நகரத்தில் தியுர்லான் சிதோருஸைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். வேலை சுத்தம், வாய் சுத்தமில்லை. இரண்டையும் அவள் மறுத்ததில்லை. வீட்டு விளக்கு தானாக எரிகிறது என்று ஒரு பல் டாக்டர் கூப்பிட்டபோது போய்ப் பார்த்துவிட்டு, "ஒங்க பூனை சுவிட்சு மேல ஏறி ஒக்காருது. அதுக்கு நான் என்ன வைத்தியம் பண்றது? நீங்கதான டாக்டரு?" என்று கேட்டுவிட்டு வந்தவள்.

வயது நாற்பத்து மூன்று. பைக்கின் பக்கவாட்டில் அலுமினிய ஏணியைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவாள். வீட்டு விளக்கு, ஏசி, தண்ணீர் மோட்டார், வாசல் கேட் எல்லாம் போனில் சொன்னால் கேட்கும்படி செய்து கொடுப்பது அவள் தொழில். அது பாதி வேலைதான். அவை சொன்னதைக் கேட்காமல் போகும்போது ஏன் என்று கண்டுபிடிப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்குத்தான் அவளைத் தேடி வருவார்கள்.

அவள் அப்பா சம்பு சந்தைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பழுது பார்த்தவர். மின்சாரம் போய் வருகிற ஊரில் அந்தத் தொழிலுக்குக் குறைவே இல்லை. தொழிற்பள்ளியில் மின்சாரப் பிரிவில் அவளைச் சேர்த்தார். முப்பத்து நான்கு பையன்கள், ஒரு பெண். முதல் வாரமே எவனோ அவள் நாற்காலியில் மின்கம்பியை வைத்தான். எவன் என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கையில் கிடைத்த மரப்பலகையால் முன்வரிசை முழுவதையும் அடித்துத் தீர்த்தாள். தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "வெச்சவன் ஒருத்தன்தான? எல்லாரையும் ஏம்மா அடிச்ச?" என்றார். "மத்தவன் எல்லாம் சிரிச்சான் சார்" என்றாள்.

கல்யாணம் ஆறு வருஷம் ஓடியது. அவன் லாரி ஓட்டுகிறவன். பெக்கான்பாருவில் அவனுக்கு இன்னொரு அடுப்பு எரிகிறது என்று தெரிந்த அன்றைக்கு, அவனுடைய சட்டைகளை எல்லாம் துவைத்து இஸ்திரி போட்டு, லாரி ஷெட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "போறவனுக்கு இஸ்திரி எதுக்குடி?" என்று அம்மா கேட்டதற்கு, "கசங்கின துணியோட அனுப்பினா அவ என்னப் பத்தி என்ன நெனப்பா?" என்றாள். அதற்குப் பிறகு அம்மாவும் அவளும் சிம்பாங் லிமுன் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள்.

அவள் பொருத்துகிற ஒவ்வொரு வீட்டிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் அதுதான் மேஸ்திரி. எந்தச் சாமான் எத்தனை மணிக்குச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் அந்தப் பிழைப் பதிவைப் படிக்க உட்கார்ந்தால் பத்தாயிரம் வரி ஓடும், கண் எரியும். இரண்டு வருஷமாக அவள் லேப்டாப்பில் ஒரு ஏஐ ஏஜெண்ட் இருக்கிறது. நாம் பேசுகிற மாதிரி எழுதிக் கேட்டால் போதும். அதுவே அந்த வீட்டுப் பெட்டிக்குள் போய், பதிவை எடுத்து, வேண்டிய வரியை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து வைக்கும். அதற்கு அவள் 'எடா' என்று பெயர் வைத்திருந்தாள். அவள் இனமான பத்தாக் இனத்துப் பெண்கள் நாத்தனாரைக் கூப்பிடுகிற சொல் அது. "வீட்ல எவ எப்ப என்ன தப்பு பண்ணினான்னு தேதி, மணியோட எடுத்துச் சொல்லுது. நாத்தனார்னு சொல்லாம வேற என்னான்னு சொல்றது?" என்பாள்.

அவளுடைய தாய்மாமன் மங்காத்தூர் சியாகியான் மேடானிலேயே ஜோஹோர் பகுதியில் பெரிய வீடு கட்டிக் குடியிருந்தார். தாய்மாமனை அங்கே துலாங் என்பார்கள். கடவுளுக்கு அடுத்த படி துலாங்தான். அவர் வாயால் ஆசீர்வாதம் வரவேண்டும். அவர் வீட்டு விசேஷத்தில் அக்கா தங்கை பிள்ளைகள்தான் சமைக்கவும் பரிமாறவும் எச்சில் தட்டு எடுக்கவும் வேண்டும். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது. ஆனால் இந்தத் துலாங் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் மேலாளராக இருந்து ஆட்களை விரட்டிப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகு விரட்டுவதற்கு அவருக்கு மிஞ்சியது அக்கா மகள் ஒருத்திதான். அந்த வீட்டுக்கு எல்லாம் பொருத்திக் கொடுத்தது அவள் என்பதால், வாரத்தில் நாலு நாள் போன் வரும்.

"பெரே, கூடத்து வெளக்கு மஞ்சளா எரியுது." அக்கா பிள்ளையைக் கூப்பிடுகிற சொல் பெரே.

"நீங்கதான துலாங் மஞ்சள் வேணும்னீங்க."

"இப்ப வெள்ள வேணும். வா."

"போன்ல வட்டம் மாதிரி ஒண்ணு இருக்கும். அதத் தொட்டாப் போதும், நீங்களே மாத்தலாம்."

"நான் மாத்தறதுக்கா உங்கம்மா ஒன்னப் பெத்தா?"

அவள் போவாள். வட்டத்தைத் தொடுவாள். விளக்கு வெள்ளையாகும். மாமி, அதாவது நந்துலாங், ஒரு கண்ணாடி டம்ளரில் டீ கொண்டுவந்து வைப்பாள். நந்துலாங் அதிகம் பேசமாட்டாள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மார்ச் மாதத்தில் துலாங்கின் மகள் லாஸ்மிதாவுக்குப் பெண் கேட்டு வருவதாக இருந்தது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மூன்று கார்களில் பையன் வீட்டார் வந்தார்கள். கேட் திறக்கவில்லை. துலாங் கூடத்தில் நின்று போனை அழுத்தினார். மகள் அழுத்தினாள். ஒன்றும் அசையவில்லை. அது நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் நகராத இரும்புக் கேட். கையால் விடுவிக்க ஒரு சாவி உண்டு. அது எங்கே என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்துச் சின்ன வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் சம்பந்தம் பேச வந்தவர்களை வேலைக்காரர்கள் வந்து போகிற வாசல் வழியாகக் கூப்பிடுவதா? பட்டுத் துணி தோளில் போட்ட பெரியவர்கள் சாக்கடை ஓரமாக வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். கடைசியில் நந்துலாங் பிஸ்கட் டின்னிலிருந்து சாவியைத் தேடி எடுத்தாள்.

உள்ளே வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பையனின் பெரியப்பா உட்காராமலே, "பொண்ணு குடுக்க மனசில்லேன்னா ஒரு போன் பண்ணியிருக்கலாம். கதவச் சாத்தி வெச்சுத்தான் சொல்லணுமா?" என்றார். துலாங் இயந்திரம் கெட்டுவிட்டது என்று என்னென்னமோ சொல்லிப் பார்த்தார். "அப்ப சரி பண்ணி வைங்க. பெறகு வர்றோம்" என்று எழுந்து போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே சியாகியான் குலத்தார் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் துலாங் எழுதினார். அக்கா மகள் என்று நம்பி வீட்டைக் கொடுத்ததாகவும், மட்டமான சாமானைப் போட்டு அவள் தன் மானத்தை வாங்கிவிட்டதாகவும், இனி யாரும் அவளை வீட்டுக்குள் விடவேண்டாம் என்றும். எழுதியதோடு நிற்கவில்லை. சுவரிலிருந்து பெட்டியைப் பிடுங்கி எடுத்து, ஷூ அலமாரிக்குள் எறிந்தார்.

தியுர்லானுக்கு வேலை கொடுக்கிற வீடுகளில் பாதி அந்தக் குலத்தாருடையவை. திங்கட்கிழமை இரண்டு வீடுகளில் வரவேண்டாம் என்றார்கள். புதன்கிழமைக்குள் அது ஐந்தாயிற்று. அவளுக்குப் பதிலாக ஜோகி என்கிற தூரத்துச் சொந்தக்காரப் பையனைக் கூப்பிடத் தொடங்கினார்கள். ஜோகி அதுவரை கேமரா மட்டும்தான் பொருத்திக்கொண்டிருந்தான்.

அம்மா அழுதாள். "துலாங் மனசு நொந்தா வம்சத்துக்கே ஆகாதுடி. பன்னிக்கறி சமைச்சு எடுத்துட்டுப் போய் மன்னிப்புக் கேளு. அவன் மீனு குடுத்து ஆசீர்வாதம் பண்ணிடுவான். அதோட போயிரும்."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"தப்பு பண்ணினாத்தான் மன்னிப்புக் கேக்கணுமா?"

"ஆமாம்மா. அதுக்குத்தான் அந்த வார்த்தையே இருக்கு."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். தியுர்லான் குழுவைத் திறந்து ஒரே வரி எழுதினாள்: "கேட் ஏன் திறக்கவில்லை என்று அந்தப் பெட்டிக்குள் எழுதியிருக்கிறது. எடுத்துக் காட்டுகிறேன், துலாங்குக்குப் பயமில்லை என்றால்."

அந்தக் கடைசிப் பகுதியை எழுதாமல் விட்டிருந்தால் ஒருவேளை சமாதானமாகப் போயிருக்கும். துலாங் எல்லாம் பெரிய எழுத்தில் பதில் போட்டார்: வருகிற ஞாயிறு சர்ச் முடிந்து குலச் சங்கக் கூட்டம் என் வீட்டில்தான். தைரியம் இருந்தால் வா.

அந்தப் பெட்டியில் ஒரு சங்கடம் இருந்தது. மின்சாரம் போய் வந்தால் அது புதுப் பதிவைத் தொடங்கிவிடும். பழையதில் ஒரே ஒரு படியை மட்டும் வைத்துக்கொள்ளும். இன்னொரு முறை போய் வந்தால் அந்தப் படியும் அழிந்துவிடும். துலாங் பிடுங்கி எறிந்ததில் ஒரு முறை ஆகிவிட்டது. இனிப் பெட்டியைப் பொருத்திய பிறகு கண் சிமிட்டுகிற நேரம் மின்சாரம் போனாலும் எல்லாம் போச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமை அவள் பைக்கில் ஏணி இல்லை. லாரி பேட்டரி கனத்துக்கு ஒரு மின்சேமிப்புப் பெட்டி இருந்தது.

கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். சாப்பிட்டு முடித்துப் பல்குத்திக்கொண்டிருந்தார்கள். குலச் சங்கத் தலைவர் சிஹார் பெரியவர் நடு சோபாவில் இருந்தார். தியுர்லான் உள்ளே வந்து முறைப்படி துலாங்குக்குக் கை கொடுத்தாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டே விரல் நுனியை மட்டும் நீட்டினார்.

"பெட்டி எங்க?" என்றாள்.

"செருப்போட கெடக்கு. அதோட எடம் அதான்" என்றார் துலாங். சிலர் சிரித்தார்கள்.

அவள் குனிந்து எடுத்துத் தூசியைத் துடைத்தாள். முதலில் மின்சேமிப்பை வைத்து, அதிலிருந்து பெட்டிக்கு இணைப்புக் கொடுத்து, இன்டர்நெட் வயரைச் செருகினாள். பச்சை விளக்கு வந்தது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மடியில வெச்சுப் படிக்க வேணாம்" என்றார் துலாங். "டி.வி.யில போடு. எல்லாரும் பாக்கட்டும். இல்லேன்னா நீ ஒனக்குத் தோதா நாலு வரி எழுதிட்டு வந்து இதான் சாட்சின்னு சொல்லுவ."

"போடுவோம். எனக்கென்ன?"

"கேள்விய நான்தான் கேப்பேன். நீ எழுதினா அது ஒனக்குப் புடிச்ச பதிலச் சொல்லும். ஒன் வளப்புதான அது?"

"கேளுங்க துலாங். நான் அப்படியே எழுதறேன். ஒரு எழுத்து மாறாது."

துலாங் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி விசாரித்த குரல் அப்படியே வந்தது. "எழுது. என் வீட்டுக் கேட் தொறக்காதது யார் தப்பு?"

அவள் எழுதினாள். சுவரை அடைத்த டி.வி.யில் எழுத்து வந்தது. யார் தப்பு என்று தன்னால் சொல்ல முடியாது, பதிவில் இருப்பதைத்தான் சொல்ல முடியும், எந்த நாள் முதல் எந்த நாள் வரை எடுக்கட்டும் என்று கேட்டது எடா.

"பாத்தியா, நழுவுது!" என்றார் துலாங்.

"வெள்ளி, சனி ரெண்டு நாள் எடுக்கச் சொல்லும்மா" என்றார் சிஹார் பெரியவர்.

அப்போது மின்சாரம் போனது.

மின்விசிறி நின்றது, ஏசி நின்றது, டி.வி. கறுத்தது. துலாங் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் பெட்டியின் பச்சை விளக்கு அணையவில்லை. தியுர்லான் அதையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அரை நிமிஷத்தில் பின்கட்டில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. டி.வி. மறுபடி எரிந்தபோது பதில் அங்கே தயாராக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை 4.10: வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் மாற்றப்பட்டன. மாற்றிய போன்: மங்காத்தூர். புதிய பெயர்: ராஜா சியாகியான்.

மாலை 4.11: வாசல் கேட், பாஸ்வேர்டு தவறு, இணைய முடியவில்லை. 4.12: வாசல் கேட், பாஸ்வேர்டு தவறு. கேட்டோடு சேர்த்துப் பதினோரு சாமான்கள். சனிக்கிழமை பகல் வரை நிமிஷத்துக்கு ஒன்றாக அதே வரி.

கூடத்தில் யாரோ மெல்லப் படித்தார்கள்: "ராஜா சியாகியான்..." பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது தொற்றிக்கொண்டு முன்வரிசை வரைக்கும் வந்தது.

"விருந்தாளிங்க வைஃபை கேப்பாங்கன்னு மாத்தினேன்" என்றார் துலாங். காது சிவந்திருந்தது. "என் வீட்டு வைஃபைக்கு நான் பேரு வெக்கக் கூடாதா?"

"வைங்களேன்! மகாராஜான்னுகூட வைங்க" என்றாள் தியுர்லான். எட்டு நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. "மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த என்னக் கேட்டீங்களா? வெளக்கு மஞ்சளா எரிஞ்சாக் கூப்பிடத் தெரியுது, ரிமோட்டுக்கு பேட்டரி போடக் கூப்பிடத் தெரியுது, இதுக்கு மட்டும் கூப்பிடத் தெரியல. கேட்டுக்குப் பழைய பாஸ்வேர்டுதான் தெரியும். அது பாவம் ராத்திரி பூரா கதவத் தட்டிட்டு நின்னுருக்கு. நீங்கதான் உள்ள விடல. அப்புறம் என்னைய மட்டமான சாமான் போட்டவள்னு ஊருக்கே எழுதறீங்க!"

"துலாங்கிட்ட இப்படியா பேசறது?" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி சத்தம் போட்டாள்.

"அஞ்சு வீட்டுல என்ன நிறுத்திட்டாங்க. அப்ப எங்க போயிருந்தீங்க நீங்க?"

சிஹார் பெரியவர் கையைத் தூக்கினார். சத்தம் கொஞ்சம் அடங்கியது. அந்த இடைவெளியில், சமையலறை வாசலில் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்ற நந்துலாங் வாயைத் திறந்தாள்.

"அந்தக் கடைசி வரி என்ன? 'எச்சரிக்கை அனுப்பப்பட்டது'ன்னு போட்டிருக்கே. யாருக்கு அனுப்புச்சாம்?"

எல்லோரும் டி.வி.யைப் பார்த்தார்கள். அடியில், சின்ன எழுத்தில், அந்த வரி இருந்தது.

தியுர்லானின் விரல் விசைப்பலகை மேல் நின்றுவிட்டது. போன மாதம் ஒரு மத்தியானம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு டீக்கடை வாசல். துலாங் அன்று காலையிலிருந்து ஆறு முறை கூப்பிட்டிருந்தார். ஏழாவது முறை போன் சிணுங்கியபோது, வந்தது அவர் அழைப்பு இல்லை, அவர் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு எச்சரிக்கை. குளியலறை விளக்கு ஏதோ. "செத்துத் தொல" என்று சொல்லிக்கொண்டே அந்த வீட்டு எச்சரிக்கைகளை எல்லாம் வாயடைத்தாள். ஒரு நாளைக்கு என்றுதான் நினைத்தாள். மறுநாள் திரும்பப் போட மறந்துபோனாள்.

லேப்டாப்பை மூடிவிடலாம். சூடாகிவிட்டது, நின்றுவிட்டது என்று ஏதாவது சொல்லலாம். இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் அது பொய் என்று தெரியாது. நந்துலாங் மட்டும் தட்டைத் துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"ஏன், எழுத மாட்டியா?" என்றார் துலாங். அவருக்கு வாசனை எட்டிவிட்டது. "நான் கேட்டா ஒரு எழுத்து மாறாம எழுதறேன்னியே. எழுது. யாருக்கு அனுப்புச்சு?"

அவள் எழுதினாள்.

வெள்ளி மாலை 4.11 முதல் சனி மதியம் வரை முப்பத்தெட்டு எச்சரிக்கைகள் தியுர்லானின் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பிப்ரவரி 9 முதல் இந்த வீட்டுக்கான எச்சரிக்கை ஒலியை அந்தப் போன் நிறுத்தி வைத்திருக்கிறது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"முப்பத்தெட்டு தடவ!" என்றார் துலாங், முப்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து. "என் வீடு முப்பத்தெட்டு தடவ இவளக் கூப்பிட்டிருக்கு. இவ காதப் பொத்திட்டு இருந்திருக்கா."

"ஆமா, பொத்தினேன்" என்றாள் தியுர்லான். லேப்டாப்பை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். "ஒங்க தொல்ல தாங்காமப் பொத்தினேன். அது தப்பு. என் வேலையில அது தப்பு. ஒத்துக்கறேன். நீங்க பாஸ்வேர்டு மாத்தினத ஒத்துக்குவீங்களா?"

"எதுக்கு ஒத்துக்கணும்? என் வீடு."

"அப்ப கேட்டும் ஒங்களது. நீங்களே தள்ளுங்க."

சிஹார் பெரியவர் தொண்டையைச் செருமினார். இரண்டு பக்கமும் தவறு இருக்கிறது என்றார். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. துலாங் அக்கா மகளிடம் மன்னிப்புக் கேட்பது உலகத்தில் இல்லை. ஆகவே தியுர்லான் கறி சமைத்து எடுத்துக்கொண்டு வரட்டும், துலாங் மீன் கொடுத்து ஆசீர்வதிக்கட்டும், அதோடு முடியட்டும் என்றார்.

"கொண்டு வர்றேன் பெரியவரே" என்றாள் அவள். "நாளைக்கே கொண்டு வர்றேன். அதுக்கு முன்னாடி அந்தக் குழுவில ஒரு வரி எழுதச் சொல்லுங்க. பாஸ்வேர்டை மாத்தினது நான்தான்னு. மன்னிப்புகூட வேணாம். நடந்தத எழுதினாப் போதும்."

துலாங் எழுந்தார். "எழுத மாட்டேன். நீயும் இந்த வாசப்படி மிதிக்க வேணாம்."

அவள் மின்சேமிப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். போகும் முன் வீட்டுப் பெட்டியை மறுபடி ஷூ அலமாரியில் வைக்கவில்லை. சுவரில் அதன் இடத்தில் பொருத்தி, பெட்டியிலிருந்தே புதிய பாஸ்வேர்டை எடுத்துக் கேட்டுக்கும் மற்றப் பத்துச் சாமான்களுக்கும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் அவளோடு ஒருவரும் பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை. கடைசியில் கேட்டைத் திறந்து, பைக்கை வெளியே தள்ளி, போனிலேயே கேட்டை மூடிவிட்டு, அந்த வீட்டை ஆப்பிலிருந்து நீக்கினாள்.

வீட்டுக்கு வந்து, அம்மா என்ன ஆச்சு என்று கேட்பதற்குள், எடா எடுத்துக் கொடுத்த பதிவு முழுவதையும் குலத்தார் குழுவில் போட்டாள். ராஜா சியாகியான் வரியும் இருந்தது. முப்பத்தெட்டு எச்சரிக்கையும் இருந்தது, பிப்ரவரி 9 உட்பட. மேலே கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. போட்டுவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினாள்.

"ஒன் தப்பையும் ஏண்டி போட்ட?" என்றாள் அம்மா.

"அத எடுத்துட்டுப் போட்டா, மத்ததையும் நான்தான் எழுதினேம்பாரு."

அந்த வாரம் முழுக்க அவளுக்கு வந்த போன்களில் பாதி திட்டுவதற்கு. துலாங்கின் மானத்தை இரண்டாம் முறை வாங்கியதாகச் சொன்னார்கள். ஒரு சித்தப்பா அவள் அப்பாவின் பெயரை இழுத்தார். அவள் அவருடைய அப்பாவின் பெயரை இழுத்தாள். நிறுத்தின ஐந்து வீடுகளில் இரண்டு திரும்பக் கூப்பிட்டன. ஒரு வீட்டுக்காரர், "ஒன் பேரையும் மறைக்காமப் போட்டிருக்கியே, அதான் கூப்பிட்டேன்" என்றார். மற்ற மூன்றும் ஜோகியிடமே நின்றன. சீனக் கடைக்காரர்கள், ஒரு மசூதிக் கமிட்டி, இரண்டு தங்கும் விடுதிகள் என்று அவள் குலத்துக்கு வெளியே வேலை தேடிக்கொண்டாள். அங்கே யாரும் அவளைப் பெரே என்று கூப்பிடுவதில்லை. அது அவளுக்கு வசதியாக இருந்தது. சில நாள் வசதியாக இல்லாமலும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

லாஸ்மிதாவின் கல்யாணம் நிற்கவில்லை. பையனும் பெண்ணும் விடாப்பிடியாக நின்றதில் ஜூலை மாதம் மண்டபத்தில் நடந்தது. சகோதரி வீட்டார் வேலை செய்யாமல் கல்யாணம் நடக்காது. தியுர்லான் மற்றப் பெண்களோடு ஏப்ரன் கட்டிக்கொண்டு காலை ஐந்து மணிக்கே சோற்றுப் பானை முன்னால் நின்றாள். மிதிக்க வேண்டாம் என்றது வீட்டு வாசப்படியைத்தான், மண்டபத்தை இல்லை என்று யாரோ கேட்டதற்குச் சொன்னாள். முறைப்படி அவரவர் உறவுக்கு உரிய கறிப் பங்கு வைக்கிற நேரத்தில் துலாங் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுப் பங்கு கொடுத்தார். அக்காவுக்கு உரிய பங்கை அக்காவின் கையிலேயே கொடுத்தார், எலும்போடு, குறைக்காமல். பக்கத்தில் நின்ற அக்கா மகளை அவர் பார்க்கவில்லை. பிறகு அவள் அவருக்குச் சோறு போட்டாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "சோறு வேகல" என்றார். அவளும் பக்கத்தில் இருந்தவளிடம், "பல்லு போயிருச்சு போல" என்றாள்.

செப்டம்பரில் ஒருநாள் காலை நந்துலாங்கின் எண்ணிலிருந்து போன் வந்தது.

"தியுர்லான், மேல் தொட்டியில தண்ணி ஏறல. ஜோகி மூணு தடவ வந்துட்டான். மோட்டார மாத்தணும்கறான். எனக்கென்னமோ மோட்டார் இல்லேன்னு தோணுது. நீ அங்கருந்தே பாத்துச் சொல்ல முடியுமா?"

"ஒங்க வீட்ட என் போன்லருந்து நான் எடுத்துட்டேன் நந்துலாங். திரும்ப அனுமதி குடுத்தாத்தான் உள்ள போக முடியும்."

"எப்படிக் குடுக்கணும்னு சொல்லு. நான் குடுக்கறேன்."

சொன்னாள். நந்துலாங் நிதானமாக, ஒரு தவறும் இல்லாமல் செய்தாள். தியுர்லான் போனைக் காதில் வைத்துக்கொண்டே லேப்டாப்பில் எடாவிடம் எழுதிக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

பின்னணியில் துலாங்கின் குரல் கேட்டது. "யாரு போன்ல? அவளா? அவளக் கூப்பிடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

தியுர்லான் குரலை உயர்த்தினாள், பக்கத்து அறை வரைக்கும் கேட்கும்படி. "நந்துலாங், மோட்டார் நல்லாத்தான் இருக்கு. நாலு நாளா ஓடிட்டே இருக்கு, தொட்டி மட்டும் நெறையல. நடுவுல எங்கயோ கொழாய் ஒடைஞ்சிருக்கு. போன வெள்ளிக்கிழம காலையில ஒம்பதரைக்கு ஆரம்பிச்சிருக்கு. அந்த நேரத்துல அங்க யாராவது தோண்டினாங்களான்னு கேளுங்க."

நந்துலாங் எழுந்து ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு நந்துலாங், "மாமரம் நட்டாரு" என்றாள்.

"எனக்குத் தெரியும்னு சொல்லு அவகிட்ட!" என்று துலாங் உள்ளேயிருந்து கத்தினார். "கொழாய்தான்னு எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லு!"

"தெரியுமாம்" என்றாள் நந்துலாங்.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லுங்க. மரத்தக் கொஞ்சம் தள்ளி நடச் சொல்லுங்க."

"தள்ளி நட மாட்டேன்னு சொல்லு!"

நந்துலாங் இதைச் சொல்லவில்லை. "வெச்சுடறேன்மா, கொழாய்க்காரனக் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அனுமதியை அவள் திரும்ப எடுக்கவில்லை. தியுர்லானும் அந்த வீட்டை நீக்கவில்லை. எச்சரிக்கை ஒலியைத் திறந்து வைத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு மசூதிக் கமிட்டியின் வேலைக்குக் கிளம்பினாள்.